இருபத்திரண்டு சனிக்கிழமைகள்

பாக்கியலக்ஷ்மிக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. துணியில் இருக்கிற அழுக்கைச் சொல்லவில்லை; அது சோறு போடுகிற அழுக்கு, அதை அவள் மரியாதையாகவே நடத்துவாள். மற்ற அழுக்கெல்லாம் அவளுக்கு ஜென்ம விரோதி. பஸ்ஸில் ஏறினால் சீட்டை முந்தானையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவாள். ஒருமுறை காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கப் போனவள், விரிப்பை உருவி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இத வெளுத்தது ஆரு?" என்று நர்ஸிடம் சண்டைக்கு நின்றாள். வெளுத்தது தன் புருஷன் பிச்சைதான் என்று தெரிந்த பிறகு காய்ச்சல் இன்னும் கூடிப்போனது.

மலையாள நாட்டு மட்டாஞ்சேரியில் அவர்கள் துணி வெளுக்கிற டோபிக்கானாவில் முப்பத்திரண்டு கல். கல் என்றால் வெறும் கல்லில்லை. இடுப்பளவு சுவர் வைத்த சின்ன அறை, அதற்குள் ஒரு தொட்டி, ஒரு துவைகல், ஒரு ஆள் நின்று வீசி அடிக்க இடம், எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு கல். பின்னால் மைதானம் முழுக்கக் கயிறு. இரண்டு கயிற்றை முறுக்கி, முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். கிளிப் கிடையாது, காயலிலிருந்து எவ்வளவு காற்று அடித்தாலும் துணி பறக்காது. ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரியின் பச்சைத் துணி, கல்யாண மண்டபத்து மேஜைத் துணி என்று வெயில் இருக்கிற நாளில் மைதானமே கண்ணைக் கூசவைக்கும். கஞ்சி போடுவது பாக்கியலக்ஷ்மியின் வேலை. சோறு வடித்த கஞ்சியையும் ஊறவைத்து அரைத்த அரிசிமாவையும் கலந்து, ஒரு நாள் புளிக்கவிட்டு, துணியில் காட்டி எடுத்தால் மொடமொடவென்று நிற்கும். மிஞ்சின கஞ்சி ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டியில் கிடக்கும்.

போன வருஷம்தான் சனியன் பிடித்தது. டோபிக்கானாவின் ஓடை நேராகத் தோடு என்கிற வாய்க்காலில் போய் விழுகிறது, தோடு காயலில் விழுகிறது. தோட்டில் நுரை மிதக்கிறது என்று யாரோ மனு கொடுக்க, அதிகாரிகள் வந்து குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ஒரு காகிதம் வந்தது. வருகிற ஜூன் முதல் தேதிக்குள் ஓடைத் தண்ணீரின் அழுக்கு இருநூற்றைம்பது என்கிற கணக்குக்குக் கீழே வரவேண்டும். வராவிட்டால் முப்பத்திரண்டு கல்லுக்கும் பூட்டு.

அப்போதுதான் ரயீஸ் வந்தான். பஜாரில் மிளகுக் கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, இங்கேயே வளர்ந்தவன். இஞ்சினியரிங் படித்துவிட்டு, காக்கநாட்டுக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பூங்காவில் ஒரு அறை வாங்கி, சின்னதாக ஒரு கம்பெனி நடத்தினான். பூங்கா என்றதும் பாக்கியலக்ஷ்மி பூச்செடி, ஊஞ்சல் என்று நினைத்துவிட்டாள்.

"அது அங்ஙனெ இல்ல அக்கா," என்று ரயீஸ் டோபிக்கானாச் சங்கக் கட்டடத்தில் வைத்து எல்லோருக்கும் விளக்கினான். "யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ணுறாங்க. பண்ணி என்ன பிரயோஜனம், புஸ்தகத்துல போய் ஒறங்கும். இங்க தெருவுல நமக்கு நூறு தொல்லை. ரெண்டு கூட்டமும் ஒருத்தர ஒருத்தர் கண்ணால பாத்ததே இல்ல. அந்தப் பார்க்குல அவங்களையும் எங்களமாதிரி சின்னக் கம்பெனிக்காரங்களையும் ஒரே கூரைக்குக் கீழ இருத்தியிருக்காங்க. மெஷின் வேணும்னா அவங்க லேப்ல எடுத்துக்கலாம். அதுக்குப் பகரமா ஒரே ஒரு கண்டிஷன். செஞ்சத இந்த ஜில்லாவுல ஒரு எடத்துல நடத்திக் காட்டணும்."

அவன் நடத்திக் காட்ட நினைத்தது ஒரு வடிகட்டி. மூன்று தொட்டி, அவற்றில் கருங்கல் ஜல்லியும் உடைத்த தேங்காய்ச் சிரட்டையும். அழுக்குத் தண்ணீர் ஒரு பக்கம் போய் மறு பக்கம் நல்ல தண்ணீராக வரும். கரண்டு அதிகம் வேண்டாம், மருந்து வேண்டாம். எல்லாம் சரி, அதை வைக்க இரண்டு கல் அளவுக்கு இடம் வேண்டும் என்றபோது சங்கத்தில் எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிச்சைக்கு இரண்டு கல். ஒன்று அவன் அப்பன் வழியில் வந்தது, இன்னொன்று பிள்ளையில்லாமல் போன சித்தப்பன் வழியில் வந்தது. அவன் எழுந்து, "என் ரெண்டுல ஒண்ணையும் பக்கத்துல கெடக்குற காலி எடத்தையும் எடுத்துக்கிடுங்க," என்றான்.

சங்கச் செயலாளர் வீரபாண்டி சிரித்தான். "பிச்சையண்ணே, சிரட்டையில வெள்ளம் சுத்தமாகும்னா எங்க வீட்டு அடுப்பங்கரையில கங்கையில்லா ஓடணும்?"

"ஓடும்டே. நீ பாக்கத்தான் போற," என்று பிச்சை சொல்லிவிட்டான். சொன்ன சொல் அதோடு போகவில்லை. ஆறு மாதம் அவன் கழுத்தில் தொங்கியது.

அக்டோபரில் வடிகட்டி ஓட ஆரம்பித்தது. ரயீஸோடு ஸாதனா என்று ஒரு பெண் வருவாள். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். கண்ணாடியும் கைநிறையக் குப்பியுமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஒன்பதுக்கு வந்து தண்ணீர் பிடிப்பாள். முதல் நாளே இரண்டு பேரும் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்கள்: இதில் குப்பை போடக்கூடாது, வெற்றிலை துப்பக்கூடாது, ஆஸ்பத்திரித் துணியின் பிளீச்சிங் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பக்கூடாது. அழுக்காக்காதே என்பதற்கு எத்தனை விதம் உண்டோ அத்தனையும் சொன்னார்கள். சுத்தம் செய்யாதே என்று மட்டும் சொல்லவில்லை. அப்படியும் ஒருவரிடம் சொல்லவேண்டியிருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

இரண்டாவது வாரமே பாக்கியலக்ஷ்மி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சிரட்டையெல்லாம் சளி பிடித்தமாதிரி கொழகொழவென்று கிடந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். கூடவே அந்தப் பிள்ளைகள்மேல் இரக்கமும் வந்தது. பாவம், படித்த பிள்ளைகள், இதையெல்லாம் தேய்த்துக் கழுவ அதுகளுக்கு எங்கே தெரியும். திங்கட்கிழமை அத்தனை தூரத்திலிருந்து பஸ் மாறி வருகிறதுகள், நம் கல்லில் வைத்த சாமானை நாம் இப்படியா வைத்திருப்பது? அன்றைக்குச் சனிக்கிழமை, வேலை அரை நாளோடு முடிந்திருந்தது. பிச்சை துணி கொடுக்க வண்டியில் போயிருந்தான். அவள் பிரஷை எடுத்து மேல் அடுக்குச் சிரட்டை ஒவ்வொன்றையும் தேய்த்து, ஒரு பிடி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மூன்று தொட்டியிலும் ஊற்றினாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே வேலை. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஆள் வருமுன் வாசலைப் பெருக்கினோம் என்று யாராவது தண்டோரா போடுவார்களா?

ஆக, மாதம் ஆறு ஆகியும் திங்கட்கிழமைக் கணக்கு அநேகமாக அறுநூறிலேயே நின்றது. ஐந்நூற்றெண்பது, அறுநூற்றுப் பத்து, அறுநூறு. ஸாதனா முதலில் கிணற்று உப்பைச் சந்தேகப்பட்டாள். பிறகு தண்ணீரில் வைத்திருந்த அளவுமானியைச் சந்தேகப்பட்டாள். அது வாரம் பூராவும் ஏறி இறங்கி ரம்பப் பல் மாதிரி கோடு போட்டதால், கெட்டுவிட்டதென்று அதன் கணக்கைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கடைசியில், யாரோ பிளீச்சிங் கலக்கிறார்கள் என்று சோதனையில் தெரிந்தது. பிச்சை சும்மா இருப்பானா? நேரே வீரபாண்டியின் கல்லுக்கு முன்னால் போய் நின்றான்.

"என் மேல உள்ள காய்ச்சல என்கிட்ட காட்டுடே. அதுல ஏன் வெசத்த ஊத்துத?"

"அண்ணே, நாக்க அடக்கிப் பேசுங்க. நான் ஊத்துனேன்னு நீங்க கண்டீகளா?"

"இப்ப ஆஸ்பத்திரித் துணி எடுக்குறவன் நீ. வேற ஆருகிட்ட இருக்கு அம்புட்டு பவுடரு?"

வீரபாண்டி ஈரத் துணியைக் கல்லில் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிவிட்டான். நாலு பேர் நடுவில் புகுந்து பிரித்தார்கள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. தான் கழுவ ஊற்றுகிற ஒரு பிடியைத்தான் விஷம் என்கிறார்கள் என்று பாக்கியலக்ஷ்மிக்குத் தோன்றவே இல்லை; அவள் கணக்கில் அது சுத்தம்.

மார்ச் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. வெயில் காலை ஒன்பதுக்கே முதுகைப் பிளந்தது. பிச்சை ஒற்றைக் கல்லில் இரண்டு கல்லின் துணியை அடித்துக்கொண்டிருந்தான். ஆறு மாதமாக அப்படித்தான், தோள்பட்டை வீங்கி எண்ணெய் போட்டுத்தான் கையைத் தூக்க முடிந்தது. ஸாதனா குப்பியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, அறுநூற்றிருபது என்றாள். பாக்கியலக்ஷ்மி சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, ஒரு கார்யம் சொல்லணும்," என்றான் ரயீஸ். "பத்து நாள்ல பார்க்குல கமிட்டி கூடுது. இங்க இது ஓடலன்னா ஆலுவாவுல ஒரு மார்க்கெட்டு ஓடைக்கு இதக் கொண்டுபோகச் சொல்லுவாங்க."

"கொண்டுபோனா?"

"இங்க வேற வழியில்ல அண்ணே. ஜூனுக்கு அப்புறம்…" பூட்டைத் திருகுகிறமாதிரி கையைத் திருகிக் காட்டினான்.

பிச்சை கையிலிருந்த விரிப்பைப் பிழிந்தான். பிழிந்த பிறகும் பிழிந்துகொண்டே நின்றான்.

ஸாதனா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியலைங்கண்ணா. பிப்ரவரியில ரெண்டே ரெண்டு திங்கக்கிழமை நல்லா வந்துச்சு. நூத்தித் தொண்ணூறு, அடுத்தது நூத்தி அறுபது. அப்பவும் இதே கிணறு, இதே துணி. அந்த ரெண்டு வாரம் இங்க என்னங்க மாறுச்சு? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"ஒண்ணும் மாறலியே மோளே. அப்ப இவ இல்ல, ஆலுவாவுல வசந்திக்குப் பிரசவம்னு போயிருந்தா. நான்தான் கஞ்சியும் போட்டேன், துணியும் அடிச்சேன். வேற என்ன?"

பாக்கியலக்ஷ்மி சாயாத் தட்டைத் துவைகல்மேல் வைத்தாள். வசந்தி அவர்களுடைய ஒரே மகள். பேத்தி பிறந்து, பதினாறாம் நாள் வரை இருந்துவிட்டுத்தான் அவள் திரும்பினாள். அந்த இரண்டு சனிக்கிழமையும் யாரும் சிரட்டையைத் தேய்க்கவில்லை. அவளுக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு படிப்பும் தேவைப்படவில்லை.

மத்தியானம் பிச்சைக்குக் கஞ்சியும் சுட்ட நெத்திலியும் வைத்தாள். அவன் இரண்டு வாய் குடித்துவிட்டு நிறுத்தினான்.

"எம் பேச்ச நம்பி முப்பது கல்லுக்காரனும் ஆறு மாசம் வேற வழி தேடாம இருந்துட்டான் புள்ளே. இனி அவனுக மொகத்துல எப்படி முழிக்க?"

சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். அவனுடைய தோளில் எண்ணெய் மினுங்குவதைப் பார்த்தாள். சொல்லாமல் நெத்திலித் தட்டை அவன் பக்கம் நகர்த்திவைத்தாள்.

மறுநாள் காலை, மகளுக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் வாட்டர் மெட்ரோ படகில் ஏறினாள். கையில் ஒரு தூக்குப் பாத்திரம். தப்பைச் சொல்லப் போகிற வீட்டுக்கானாலும் வெறுங்கையோடு போகமுடியுமா? வேகவைத்த கப்பைக் கிழங்கும் மத்திக் குழம்பும். படகுக்குள் ஏசி குளிர்ந்தது, அவளுக்கு மட்டும் வேர்த்தது. ஹைக்கோர்ட் படகுத்துறையில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு காக்கநாட்டு பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் அறிவியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

பூச்செடி உண்மையில் இருந்தது. நாலு மாடிக் கட்டடம். ஒவ்வொரு கதவிலும் ஒரு கம்பெனியின் பேர். ஒரு அறையில் இறால் ஓடுகளை அரைத்து மருந்து செய்தார்கள், ஒரு அறையில் ஏலக்காய் காயவைக்கிற மெஷின், ஒரு அறையில் இரண்டு பையன்கள் மீன்வலைக்கு ஏதோ விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நம் ஊர்ச் சாமானாகவே இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. யாரோ நன்றாகத் துடைக்கிறார்கள் என்பதை அந்த நேரத்திலும் அவள் கவனிக்கத் தவறவில்லை.

ஸாதனா அவளைப் பார்த்ததும் பயந்துபோனாள். "அக்கா! என்னங்க்கா, அண்ணனுக்கு ஏதாச்சும்…"

"அவுகளுக்கு ஒண்ணுமில்ல. நான்தான்." அவள் தூக்கைக் கீழே வைத்தாள். "அந்த வெசத்த ஊத்துனது நான்தான் மோளே."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பிரஷ், பவுடர், சனிக்கிழமை, திங்கட்கிழமை இவர்கள் வருவார்களே என்கிற நினைப்பு. ரயீஸும் வந்து நின்று கேட்டான். சொல்லி முடித்தபோது ஸாதனா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாத உழைப்பு. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்லமுடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"எங்களுக்காகச் சுத்தம் பண்ணுனீங்களா அக்கா?"

"பின்ன? நீங்க வார எடம் அப்படிக் கெடந்தா எனக்கில்லா மானக்கேடு."

ஸாதனா எழுந்து அவள் கையைப் பிடித்து ஒரு மேஜைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு குப்பியில், பார்த்தால் குமட்டுகிற அதே கொழகொழப்பு. அதற்குப் பேரெழுதி, சூடு அளந்து, காற்றுக் குழாய் வைத்து, பிள்ளையை வளர்க்கிறமாதிரி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு துளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, "பாருங்க," என்றாள்.

பாக்கியலக்ஷ்மி குனிந்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு கண்டாள். மணியைப்போல ஒன்று காம்பின் நுனியில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. இன்னொன்று ஓடி வந்து எதையோ விழுங்கிவிட்டுப் போனது. ஒரு நூல் நெளிந்தது.

"இதெல்லாம் என்ன?"

"இதுங்கதாங்க்கா அழுக்கைத் தின்னுறது. சிரட்டை சும்மா இதுங்களுக்கு வீடு. தண்ணியைச் சுத்தம் பண்ணுறது சிரட்டை இல்லை, இந்த வழுவழுப்புதான்."

"உசுரா?" என்றாள் அவள். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் நின்றது. "என் கூட்டாளில்லா இதுக! நான் செய்யுத சோலியத்தான இதுகளும் செய்யுது. இதுகளயா நான் வாரா வாரம் பவுடரு போட்டு…"

ரயீஸுக்கு இப்போது வேறொன்று தோன்றிவிட்டது. கம்ப்யூட்டரைத் திறந்து, கெட்டுப்போனதென்று ஒதுக்கிய அளவுமானியின் கோட்டை எடுத்துப் போட்டான். ரம்பப் பல்லாக ஏறியும் இறங்கியும். விரல் வைத்து எண்ணினான். "டீச்சரே," என்று ஸாதனாவைக் கூப்பிட்டான். "மெஷின் கெடல. நோக்கு. இது ஒவ்வொண்ணும் அக்காவோட ஒரு சனிக்கெழம. மொத்தம் இருபத்திரண்டு சனி இவங்க கொன்னிருக்காங்க. ஆனா வெள்ளிக்கெழமைக்குள்ள ஒவ்வொரு தடவையும் இருநூறுக்குக் கீழ வந்திருக்கு. அஞ்சு நாளு, ஆறு நாளு!"

ஸாதனா திரையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "இருக்காதே. பிளீச்சிங் பட்டா திரும்பி வளர மூணு வாரமாவது ஆகணும். அதனாலதானே சலவைக்காரங்க இடத்துல எங்கயும் இந்த வடிகட்டி நிக்கறதில்லை." அவள் திரும்பினாள். "அக்கா, பவுடர் ஊத்துனதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யலியே. பவுடரு நாத்தம் போகணுமில்லா? நீங்க வந்து மூக்கப் பொத்திட்டு நிப்பீக. அதுக்கு நம்ம தொட்டியில மிஞ்சிக் கெடக்குற புளிச்ச கஞ்சிய ரெண்டு வாளி ஊத்தி அலசிவிடுவேன். கஞ்சி ஊத்துனா நாத்தம் செத்துப்போகும். வெளுத்த துணிக்கே நாங்க அப்படித்தான் செய்யுது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸாதனா ஒரு காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினாள். கஞ்சி பவுடரின் வீரியத்தை முறிக்கும். உயிர் பிழைத்ததுகளுக்குக் கஞ்சியே தீனி. புளித்த கஞ்சியிலேயே கோடி உயிர் புதிதாக வந்து இறங்கும். எழுதிக்கொண்டே போனவள் நிறுத்தி, "இதைக் கண்டுபிடிக்க நான் தனியா மூணு வருஷம் உட்கார்ந்திருப்பேன்," என்றாள். ரயீஸ் தூக்கைத் திறந்துவிட்டான். மூன்று பேரும் அந்த மேஜைக்குப் பக்கத்து அறையில் கப்பையைத் தின்றார்கள். மத்திக் குழம்பில் காரம் தூக்கல். ஸாதனாவுக்குக் கண்ணில் நீர் வந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிச்சையிடம் சொன்னாள். கஞ்சியைப் பற்றி முதலில் சொல்லிச் சமாளிக்கலாம் என்று படகில் வரும்போது நினைத்திருந்தாள். அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தப்பை முதலில் சொன்னாள், மற்றதைப் பிறகு சொன்னாள். பிச்சை தப்பை மட்டும்தான் கேட்டான்.

அவன் கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராக வீரபாண்டி வீட்டுக்குப் போனான். வாசலிலேயே நின்று, அவன் பெண்டாட்டியும் அக்கம்பக்கமும் கேட்கும்படி, "நீ ஊத்தலடே. என் வீட்டுலதான் ஊத்தியிருக்கு. நான் சொன்னது தப்பு. மாப்பு," என்றான். வீரபாண்டி உட்காரச் சொன்னான். பிச்சை உட்காரவில்லை. திரும்பி வந்து, சாப்பிட்டு, படுத்தான். அதற்குப் பிறகு பாக்கியலக்ஷ்மியோடு அவன் பேசவில்லை.

திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். ஒரே தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து, ஒரே விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து முறுக்கிக்கொண்டு, ஒரு சொல் பேசாமல் இருப்பது பெரிய தண்டனை. "சாயா," என்று அவள் வைத்தால் எடுத்துக் குடிப்பான். "வெயிலாயிருக்கு, செத்த நேரம் இருங்க," என்றால் காதில் விழாது. அவள் ஒருநாள் கயிற்றில் தொங்கிய விரிப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். ஹோட்டல் விரிப்பு, அதனால் முகத்தை அதில் துடைக்கவில்லை.

பூங்காவில் கமிட்டி கூடி, பிளீச்சிங் பட்ட வடிகட்டி கஞ்சியால் ஆறே நாளில் பிழைத்துவிடுகிறது என்று ஸாதனா சொன்னதைக் கேட்டு, முதலில் நம்பவில்லையாம். கேட்டவர்களில் ஒரு வயதான பேராசிரியர், "காகிதத்தில் வேண்டாம், அந்த இடத்திலேயே காட்டு," என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை எல்லோரும் டோபிக்கானாவுக்கு வந்தார்கள். டோபிக்கானா முழுக்க வேலை நின்றது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பாக்கியலக்ஷ்மி, வழக்கமாகச் செய்வதுபோலவே, ஒரு பிடி பவுடரைக் கரைத்து ஊற்றினாள். அந்த உயிர்களை நேரில் பார்த்துவிட்ட கைக்கு அது சுலபமாக இல்லை. பிறகு இரண்டு வாளி புளித்த கஞ்சி. பேராசிரியர் மூக்கைப் பொத்தினார். பவுடரைக் காட்டிலும் கஞ்சிதான் அவருக்கு ஆகவில்லை என்று கண்டு அவள் கொஞ்சம் கோபப்பட்டாள்.

திங்கட்கிழமை அறுநூறு. புதன்கிழமை நானூற்றுச் சொச்சம். வியாழக்கிழமை ஒரு கோடை மழை பெய்து மைதானத்துத் துணியெல்லாம் நனைந்து, மறுபடி அலசி மறுபடி காயப்போட்டு, எல்லோருக்கும் இடுப்பு ஒடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஸாதனாவும் ரயீஸும் அந்தப் பேராசிரியரும் வந்தார்கள். பிச்சை துவைப்பதை நிறுத்தவில்லை. அடிக்கிற சத்தம் மட்டும் மெதுவாகிவிட்டது. ஸாதனா தண்ணீரை முகந்து, மருந்து விட்டு, மெஷினில் வைத்தாள். முப்பது கல்லுக்காரர்களும் சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் பார்த்தாள். பேராசிரியரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, மலையாளத்தில் சத்தமாகச் சொன்னார், "நூற்றி எழுபது."

ரயீஸ் கையைத் தூக்கிக் கத்தினான். யாரோ கல்லில் ஈரத் துணியை ஓங்கி அடித்தார்கள், இன்னொருவன் அடித்தான், பிறகு டோபிக்கானா முழுக்க அடி விழுந்தது, செண்டைமேளம் தோற்றது. பேராசிரியர் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே சொல்லவேண்டியதைச் சொன்னார். திட்டம் இங்கேயேதான் இருக்கும். இனி யாரும் பவுடர் ஊற்றவேண்டாம்; ஆஸ்பத்திரித் துணியின் பிளீச்சிங் தண்ணீர் தப்பி வந்தாலும், சனிக்கிழமைதோறும் கஞ்சி ஊற்றினால் வடிகட்டி பிழைத்துக்கொள்ளும். ஜூனுக்குள் முழு ஓடைக்கும் வேண்டுமானால் இன்னும் மூன்று வடிகட்டி கட்டவேண்டும், சாமான் பூங்கா தரும், அதிகாரிகளுக்கு எழுதவேண்டிய கடிதத்தைத் தானே எழுதுகிறேன், இடம் மட்டும் நீங்கள் கொடுக்கவேண்டும்.

இந்தத் தடவை யாரும் காலைப் பார்த்துக்கொள்ளவில்லை. என்றாலும் முதலில் வாயைத் திறந்தது வீரபாண்டி.

"அடுத்தத என் கல்லுல வைங்க," என்றான். பிறகு பாக்கியலக்ஷ்மியைப் பார்த்துக் கும்பிட்டான். "ஆனா கஞ்சி எம்புட்டு ஊத்தணும்னு அக்காவுக்குத்தான் தெரியும். நாலையும் அக்காதான் பாத்துக்கிடணும் கேட்டீகளா."

புருஷன் பேசாத வீட்டில் இருந்துகொண்டு ஊருக்கு எப்படி வாக்குக் கொடுப்பாள்? புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

கல்லுக்குள்ளிருந்து பிச்சை தலையை உயர்த்தினான். கையிலிருந்த விரிப்பை இரண்டாக மடித்து, ஒரு முனையைச் சுவருக்கு மேலே அவளிடம் நீட்டினான். முறுக்குவதற்கு.

"நாலையும் இவ ஒருத்தியால முடியாதுடே," என்றான் வீரபாண்டியிடம். "சனிக்கெழம ரெண்டு இவ பாப்பா. மிச்சம் ரெண்ட இவகிட்ட கேட்டு நான் செஞ்சுக்கிடுதேன்."